யாரும் கேட்காத கேள்வி

மார்ச் 4

என் வாலுத் தங்கச்சிக்கு,

மசக்கை விட்டதா? பதில் போடாமல் என்னைக் காயப்போடும் பழக்கத்தை மட்டும் நீ விடுவதாயில்லை.

நீ பரிசோதனைக்குக் கொடுத்த ரத்தமும் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்திருக்கும். குழந்தைக்கு மரபணுக் கோளாறு உண்டா என்று பார்க்க, தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கணினி படிக்கும். மனிதருடையது அல்லாததையெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிடும். அந்தக் குப்பையை நான் கிளறினேன். சிலருடையதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது, கல்லீரலைக் கெடுக்கிற வைரஸ். பிரசவத்தில் அது பிள்ளைக்கும் தொற்றும். முன்பே தெரிந்தால், பிறந்ததும் ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம். மேலாளரோ, "அவங்க கேக்காத கேள்விக்கு நாம ஏன் பதில் சொல்லணும்?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விடமாட்டேன்.

உன் அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு மசக்கையை விசாரிக்கிறாயே! என்னுடையதை மட்டும் பார்த்துச் சொல். ஊரார் கதை எனக்கெதற்கு? கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யமாட்டாயா?

தங்கை

மார்ச் 20

தங்கச்சிக்கு,

மாட்டேன். என்னிடம் இருப்பது வெறும் எண்கள். பெயர்களைப் பார்க்கும் அனுமதி மேலாளருக்குத்தான். எனக்கே கிடைத்தாலும் உன் பெயரை மட்டும் தேடமாட்டேன். உன்னுடையது நல்லபடியாக இருந்துவிட்டால், அந்த நிம்மதியில் வாயை மூடிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

இதற்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். நாளைக்கே உன் டாக்டரம்மாவிடம் போ. மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். திட்டியாவது ஒரு வரி எழுதடி.

அக்கா

ஏப்ரல் 9

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபத்தோடுதான் பரிசோதனைக்கும் போனேன்.

இருக்கிறது, அக்கா. இந்தப் பரிசோதனை முதல் மாதங்களிலேயே எடுத்திருக்க வேண்டியதாம். "விட்டுப்போச்சும்மா" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அழுது தீர்த்துவிட்டேன். பிள்ளைக்கு ஊசி ஏற்பாடாகிவிட்டது, நீ அழாதே.

ஊரார் கதை என்று எழுதினேனே, வெட்கமாக இருக்கிறது. என்னைப்போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ரத்தம், நமக்குச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று ஒருத்தி கத்தியே விட்டாள்.

திங்கட்கிழமை எல்லோரும் உன் ஆய்வகத்துக்கு வருகிறோம். கேட்காத கேள்வி என்றாரே உன் மேலாளர், கேட்கத்தான் வருகிறோம். நாற்காலி போட்டு வைக்கச் சொல். எங்களால் நிற்க முடியாது. பதில் வராமல் எழுந்திருக்கவும் மாட்டோம்.

உன் எண்களில் ஒருத்தி,
வாலு