ஷூ ஸ்டாண்டில் கிடைத்த பொடி டப்பா

அக்டோபர் 16, வியாழன்

போசரி தொழிற்பேட்டையில் வியாழன்தோறும் கம்பெனிக்கு வார விடுமுறை. வீட்டில் சும்மா இருந்த பாவத்துக்கு ஷூ ஸ்டாண்டைத் துடைத்தேன். பின்னால் ஒரு டப்பா. நேபாளத்துக்கு மலையேறப் போன மகள் ரம்யாவுக்கு நானே வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடி. ஒட்டின டேப் கூடப் பிரியவில்லை. பை கனக்கும் என்று ஒளித்துவிட்டுப் போயிருக்கிறாள், கழுதை.

மாலையில் போனில் பேசினாள். வீடியோ வேண்டாம் என்றாள். குரல் கம்மியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"ரெண்டு தட்டு சோறுப்பா, நீ அரைச்ச பொடி போட்டு."

டப்பா என் மடியில் இருந்தது. பத்தாவதோடு நின்ற மண்டைக்கே கணக்கு இடித்தது.

"காரம் சரியா இருந்துச்சா?"

"சூப்பர்ப்பா."

என் சமையலை அவள் பாராட்டியதே இல்லை. அங்கேதான் பயம் பிடித்தது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி வரும், சோறு இறங்காது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதற்கு மேலும் ஏறினால்...

மனைவியிடம் சொன்னேன்.

"சும்மா தொணதொணக்காதீங்க. நாளைக்குக் கீழ இறங்கிட்டா சரியாயிடும்."

"எது சரியாயிடும்?"

கொஞ்சம் யோசித்தாள். "குளிருதான்."

நாளைக்கு இறங்குகிறாள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. ஊருக்குள் இருக்கிற பர்வதி குன்றின் கோயில் படியிலேயே பாதியில் உட்கார்ந்துவிடுகிற என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அம்மாவும் மகளும் பேசி வைத்திருப்பார்கள்.

எப்போதும் ஹாலில் சார்ஜில் கிடக்கும் மனைவியின் போன் இன்று அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் தூங்கினால்தான் பேசுவார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பொய்க் குறட்டை விடப் போகிறேன். நிஜமாகவே தூங்கிவிடாமல் இருக்க வேண்டும், என்னை நம்ப முடியாது.