விரல் அசைந்தது, குழல் கேட்கவில்லை

அக்கா,

இந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு வந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், சாயங்காலம் கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொரு வாத்தியமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அபிஷேகத்துக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பிய நான் மேடையோரம் நின்றேன். சூடேறிய ஆம்ப்ளிஃபையர் வாசனை வந்தது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. குழல்காரரின் விரல்கள் துளைகளின்மேல் ஓடின. சத்தம் வரவில்லை. மைக் வயர் கழன்றிருக்கும் என்று பக்கத்தில் நின்ற மருமகளிடம் சொல்லத் திரும்பினேன். அவள் கண்ணை மூடி, குழலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் அவசரமாகத் தலையாட்டினேன்.

கல்யாணமாகி ஆட்டையாம்பட்டிக்கு வந்த புதிதில் கச்சேரி என்றாலே எனக்குப் பயம். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக நெஞ்சில் வந்து மோதும். கோயிலை ஒட்டி எங்கள் வீடு என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. மைக்செட் வைத்திருந்த உங்கள் வீட்டுக்காரர் கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவார். கீழே மிக்ஸர் பெட்டி முன்னால் நீங்கள் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஏற்றி இறக்குவீர்கள். டீ கொண்டுவந்த என்னை ஒரு பண்டிகையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்கள். "எல்லாத்தையும் ஒண்ணாக் கேக்காத கண்ணு. ஒண்ணைப் புடி, அது பின்னாலயே போ" என்றீர்கள்.

அப்படித்தான் எனக்கு வாத்தியங்கள் அறிமுகமாயின. பேஸ் கிட்டாரைக் காதில் தேடாதே, அது வயிற்றுக்குத்தான் வரும் என்றீர்கள். தபேலாவில் ஒன்று கணீரென்று கேள்வி கேட்கும், மற்றது தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்லும். வயலினின் வில் இழுபடும்போது, தறியில் பாவு நூல் விறைத்து நிற்பது எனக்கு நினைவு வரும். ஷேக்கரைக் குலுக்கினால் அரிசி புடைக்கிற சத்தம். கீபோர்டு எல்லார் வேலையையும் தானே செய்யப் பார்க்கும். டிரம்பெட்டைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு அதை ஊதுகிறவரே சிரித்துவிட்டார்: "இது சீர் கொண்டாந்த தாய்மாமன். எப்பவாவதுதான் வருவாரு. வந்தா வேற யாரையும் பேச உடமாட்டாரு." எனக்குப் பிடித்தது குழல். அம்மனுக்கு முன்னால் கண்மூடி நிற்கும்போதுகூட எனக்குள் அதுதான் ஓடும்.

பயம் போனது. ஒவ்வொரு பண்டிகைக்கும் உங்கள் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வந்தது. "கொழல் வருதா சாமி? வயலின் போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் குழல் மைக் நிஜமாகவே செத்துப்போனது. நீங்கள் குழல்காரரின் விரலைப் பார்த்துக்கொண்டே சத்தத்தை ஏற்றி, "இப்ப நல்லா வருது" என்று தலையாட்டினீர்கள். வரவே இல்லையே அக்கா என்றேன். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தீர்கள்.

"வெளிய சொல்லீராத சாமி. ஸ்பீக்கர் பக்கத்துலயே கெடந்து காது போயிருச்சு. தெரிஞ்சா என்னைய இங்க உக்கார உடமாட்டாங்க."

அதன்பிறகு நாம் வாயால் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் ஏற்று, இறக்கு என்று விரலால் காட்டுவேன். மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

நீங்கள் போய்ச்சேர்ந்த அன்று அவர் வாசலில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எத்தன தைரியம் பாருங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் எது கேட்டாலும், நல்லா இருக்குதுங்கன்னேதான் சொன்னா. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லல." எல்லாரும் உங்கள் தைரியத்தை மெச்சினார்கள். எனக்கு மட்டும் பயம் வந்தது. டாக்டர் கேட்டது உங்கள் காதில் விழுந்திருக்காது. வாய் அசைந்ததைப் பார்த்து நீங்களாக ஒரு பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தப் பயம்தான் இப்போது என் வீட்டில் குடியிருக்கிறது. பண்டிகைக்கு முந்தின மாதம் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் என்னவோ கேட்டார். "ஆமாங்க" என்றேன். இன்னும் என்னவோ சொன்னார். அதற்கும் ஆமாங்க. வீட்டுக்கு வந்து சாமி விளக்கின் முன்னால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? ஒன்றா, பாதியா? எதற்கு ஆமாம் சொன்னேன்? எதுவும் தெரியவில்லை.

வீட்டில் சொல்லவும் பயந்தேன். சொன்னால் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குத் தனியாகப் போய்ச் சாமான் வாங்கி வருவதை மகன் நிறுத்திவிடுவான். நானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, கணக்கெழுதி நடத்துகிற வீடு இது. ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். நீங்கள் ஏன் என் மணிக்கட்டை அப்படிப் பிடித்தீர்கள் என்று மாத்திரையோடு உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

பண்டிகை முடிந்த மறுவாரம் அதே டாக்டரிடம் போனேன், மருமகளைக் கூட்டிக்கொண்டு. அவர் கேட்க ஆரம்பித்ததுமே கையை நீட்டி நிறுத்தினேன்.

"எனக்குக் காது கேக்கறதில்லீங்க. மூஞ்சியப் பாத்து மெதுவாச் சொல்லுங்க."

மருமகள் என்னையே பார்த்தாள். "ஏனுங்க அத்த, இத்தன நாளா?" என்றாள். நான் பயந்ததும் நடந்தது. இனி தனியாகச் செவ்வாய்ப்பேட்டை வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். காதுக்கு மிஷின் வைத்தாலும் குழல் பழையபடி கேட்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. பயம் போகவில்லை அக்கா. கடையில், பஸ்ஸில், கோயிலில், யாராவது வாயசைத்தால் இன்னும் தலை தானாக ஆடப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, உங்களுக்கும் சேர்த்து, "கேக்கலீங்க, மறுக்காச் சொல்லுங்க" என்கிறேன்.

அன்றைக்கு டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதா என்று.

ஆமாங்க என்றேன். கேட்டுத்தான் சொன்னேன்.