தலைவரை வெட்டுவது என்று ஒரு தீர்மானம்

அன்புள்ள அண்ணா, இங்கே அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர எல்லோரும் சுகம். குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறாள், அதனால் இந்தக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நீ காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாயோ என்று அவளுக்குக் கவலை. அப்பா விஷயத்தை மட்டும் என்னையே எழுதச் சொல்லிவிட்டாள், சொன்னால் சிரிப்பு வந்து கட்டு வலிக்கிறதாம்.

அப்பா தன் தகரப்பெட்டியை நான் லேபிள் ஒட்டுகிற ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். போர்டு எழுதுகிற அப்பாவும் தையல்காரர் கத்தரி மாமாவும் இன்னும் நாலு பேரும் வாலிபத்தில் தண்ணீர்ப் பிரச்சினைக்காகப் படம் எடுத்தார்களே, அந்தக் குழுவின் குறிப்பேடு, அப்பா வரைந்த சுவரொட்டிகள் எல்லாம் அதில்தான். வருகிற திங்கட்கிழமை அங்கே அதை வைத்துக் கண்காட்சி. சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டார்.

புதன்கிழமை நான் முதலில் பார்த்தது காப்பகப் பொறுப்பாளர் மேடத்தின் டீயில் ஏடு படிந்திருந்ததை. டீயை ஆறவிடுகிற ஆள் இல்லை அவர். கையில் அப்பாவின் குறிப்பேடு. "நகராட்சித் தலைவரை வெட்டிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம். கத்தரி ஞாயிறன்று முடித்துவிடுவார். தடம் தெரியக் கூடாது" என்று இருந்தது. அதற்கடுத்த வாரக் குறிப்பில்: "உடம்பு போய்விட்டது. தலை மட்டும் இன்னும் இருக்கிறது. கத்தரி மன்னிப்புக் கேட்டார்." மேடம் வேர்த்துப்போய், பெட்டியையே ஐம்பது வருடம் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டார். அது கத்தரி மாமா பிலிம் வெட்டுகிற வெட்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் எட்டாவதோடு நின்றவள் சொல்லி எடுபடுமா என்று லேபிள் ஒட்டப் போய்விட்டேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார், அப்புறம் சட்டையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், விடும்மா என்றார். அம்மா விடவில்லை. கோழி அறுக்கவே என்னைக் கூப்பிடுற மனுஷன் தலைவரை வெட்டுனாராமா, நாளைக்கு நீயே போய் வாயைத் திற என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் போனேன். குறிப்பேட்டின் பின்னட்டை உறையில் துண்டு பிலிம்கள் இருப்பதை லேபிள் ஒட்டும்போதே பார்த்திருந்தேன். அவற்றை எடுத்து மேடத்தின் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாகப் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு மனிதர், பின்னால் பாதிக் குழாய். இவரையா வெட்டினார்கள் என்று மேடம் கேட்டார்.

"ஆமா மேடம். தண்ணி வராத குழாயைத்தான் படம் எடுக்கப் போனாங்க. இவரு அதை மறைச்சிட்டே நின்னாரு."

தலை என்னவாயிற்று என்றார். படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம், கத்தரி மாமாவால் எடுக்க முடியவில்லையாம் என்றேன். மேடம் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். பெட்டி கண்காட்சிக்குப் போகிறது.

தாள் தீர்வதற்குள் ஆசியை எழுது என்று அம்மா அவசரப்படுத்துகிறாள்: நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், மழையில் நனைந்தால் தலையை நன்றாகத் துவட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு, கண்காட்சியைப் பற்றி நீயாகக் கேள், அவராகச் சொல்ல மாட்டார்.

மீதி இடத்தில் ஒன்று. துண்டு பிலிம்களுக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையை மேடம் என்னிடமே நீட்டினார். நான் உட்கார்ந்து எழுதினேன்: "வெட்டப்பட்ட தலைவர். குற்றம், குழாயை மறைத்தது. காயம் ஏதுமில்லை."

அம்மா சொல்ல எழுதிய
உன் தங்கை