ஆறாவது கப்பு

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதி, இந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி உன் அண்ணனிடம் சொல்கிறேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை.

உன் அண்ணன் இளமாறன் நிச்சயத்துக்கென்று ஜப்பானிலிருந்து பீங்கான் கப்பு அனுப்பினாயே, அந்தப் பெட்டியை உன் சித்தி கலையரசிதான் பிரித்துக் கழுவி வைத்தாள். நான் நடவுக்குப் போய்வந்து எண்ணினால் ஐந்துதான் இருக்கிறது. எந்த ஊரிலடி ஐந்து கப்பை ஒரு செட்டு என்று விற்கிறான்? கைதவறி உடைத்து மறைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளைக் கேட்காமல் ரேஷன் கடை வரிசையில் நாலு பேரிடம் சொன்னேன். மறுநாள் நம் வாசலில் ஒரு கப்பு இருந்தது, அதே மாதிரி நீலப்பூ. நான் விட்டேனா, உன்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில் பூ கையால் வரைந்தது, ஒன்றுபோல் ஒன்று இல்லை, வெள்ளையிலும் லேசாகச் சாம்பல் ஓடுகிறது. இவள் வைத்ததோ பளீரென்ற வெள்ளை, அச்சுப் பூ, அடியில் சைனா என்றே போட்டிருந்தது. பார், வகையாக மாட்டிக்கொண்டாள் என்று அதையும் தெருவெல்லாம் சொன்னேன்.

நேற்று அண்ணன் கேட்டதற்கு, அம்மாவுக்கு இது கூடத் தெரியாதா, ஜப்பானில் ஐந்துதான் ஒரு செட்டு என்று போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாய். செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கலையரசி கரும்பு வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்துதான் செட்டாமடி என்றேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாக்கா, கேட்டிருந்தா பெட்டியில அஞ்சுதான் இருந்துச்சின்னு சொல்லி இருப்பேன், நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச என்றாள். பின்னே ஏன்டி வாங்கிவைத்தாய் என்றேன். பொண்ணு அம்மாந்தூரத்துல இருந்து ஆசையா அனுப்பினது, சபையில கொறையா நிக்கக்கூடாதுன்னுதான் கள்ளக்குறிச்சி வரைக்கும் போயி தேடி வாங்கியாந்தேன் என்றாள். கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே வா என்று கூப்பிடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அவள் வராமல் நான் எந்த முகத்தோடு தட்டை மாற்றுவேன்? நான் கூப்பிட்டாயிற்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ பேசு. என் பக்கம் பேசாதே, அம்மா செய்தது அநியாயம் என்றே சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் நீ. இதைப் படித்த கையோடு சித்திக்குப் போன் போடு, மறந்துவிடாதே. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிறது, வீட்டில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா கமலா
மணலூர்பேட்டை