வாடும் பூவுக்கு ஒரு விதி

ஜூன் 14
பிஷ்கெக்கில் மழை. கல்வி அமைச்சகத்தில், பள்ளிப் பிள்ளைகளின் டேப்லெட்களுக்கான விதிகளை எழுதுவது என் வேலை. எழுதியதையே திரும்ப எழுதினேன். ஜன்னல் வழியே மேகம் மலைப்பக்கம் நகர்ந்தது. நாளை நானும் அங்கேதான், சோங்கோல் ஏரிக்கரையில் ஜூரா அக்காவின் கோடை மேய்ச்சல் கூடாரத்துக்கு.

ஜூன் 16
அக்கா மகள் ஐசிரேக்குக்கு ஒன்பது வயது. மாலையானால் டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிடுகிறாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். பாடம் படித்தால் திரையில் பூ மலரும். ஒரு நாள் விட்டால் வாடும், வகுப்பு முழுக்க அதைப் பார்க்கும். "படிக்கிற பிள்ளைய எதுக்குடி தடுக்கணும்?" என்கிறாள் அக்கா. நானும் தடுக்கவில்லை. ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஜூன் 17
மூடுபனி. ஐசிரேக்கைக் காணோம்.

ஜூன் 18
கிடைத்துவிட்டாள்! எல்லாக் கூடாரத்து ஆட்களும் குதிரையில் தேடினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டையே போய்விட்டது. மேட்டுக்கு அப்பால், டேப்பைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு பாறையடியில் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேசத்தான் மாட்டேனென்கிறாள்.

ஜூன் 19
பயந்த பிள்ளைக்கு ஈயம் ஊற்றிப் பார்ப்பது இங்கே வழக்கம். ஐசிரேக்கின் தலைக்கு மேல் பிடித்த கிண்ணத்துத் தண்ணீரில் உருகிய ஈயம் சீறியது. எந்த உருவில் உறைகிறதோ, அதுதான் பிள்ளையைப் பயமுறுத்தியதாம்.

"ஓநாய்தான், வாயப் பாரு" என்றாள் பக்கத்துக் கூடாரத்துக்காரி கெஞ்சே.

"பல்லக் காணோமே, கெழட்டு ஓநாயா?" என்றாள் அக்கா.

ஐசிரேக் எட்டிப் பார்த்தாள். "பூ" என்றாள். "வாடிப்போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. என் விதிகள்ல கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் — எல்லாம் எழுதியிருக்கேன். பூவைப் பத்தி ஒரு வார்த்தை? என்னத்த எழுதிக் கிழிச்சேன் நான்!

ஜூன் 26
அமைச்சகத்தில் கூட்டம். என் புது விதி: "பாடத்துக்கு வராத நாளுக்காகக் குழந்தையைத் தண்டிக்கவோ வெட்கப்படுத்தவோ கூடாது."

"பூ வாடலன்னா பிள்ளைங்க திரும்பி வராதுங்க மேடம்" என்றார் மென்பொருள் நிறுவனத்து ஆள்.

"பூருலாய், இத அறிவுரையா போட்டுடலாமே" என்றார் எங்கள் இயக்குநர் சபார்.

"அறிவுரைய யாருண்ணே மதிக்கிறா? விதியா வரலன்னா இதுலேருந்து என் பேர எடுத்துடுங்க." ஈயத்தையும் சொல்லிவிட்டேன்.

"ஈயத்துல தெரிஞ்சதுன்னு மந்திரிக்கு எழுதவா?" என்று கிண்டலடித்தார் சபார். எல்லாரும் போனபின், மெதுவாக: "எனக்கும் சின்ன வயசுல ஊத்தினாங்க. நாய் வந்துச்சு."

ஜூலை 9
கையெழுத்தாகிவிட்டது. விதியாகவே. தெருவெல்லாம் பாப்லர் மரத்துப் பஞ்சு மிதக்கிறது, நானும்தான்.

ஆகஸ்ட் 30
மலையிலிருந்து மந்தை இறங்கிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போனேன். காணாமல்போன நாளுக்குப் பிறகு தொடாத டேப்பை ஐசிரேக் திறந்தாள். புது விதிப்படி பூ வாடாமல் அப்படியே நின்றது. விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கியது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தன நாள் நான் வரல. இது என்னத் தேடவே இல்லையா சித்தி?"

"இல்லடி. நாங்கதான் தேடினோம்."

டேப்பை வைத்துவிட்டு என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.