நியூயார்க் எல்லையில் பூட்டிய காலிப் பெட்டி

அன்பு மகள் மார்லிஸுக்கு,

அப்பா எழுதறது. இங்க அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, என் மானத்துக்குத்தான் பலத்த அடி, அதுவும் மெல்ல ஆறிட்டு வருது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹாட்டியும் அந்த வெர்மான்ட் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தினமும் கர்த்தரை வேண்டிக்கிறோம். ஹாட்டி ஞானஸ்நானத்துல எடுத்த போட்டோ வந்துச்சு. அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா, பால் எடுக்கப் போறப்பல்லாம் அதை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அதனால நான் இப்ப பால் இல்லாத காபிதான் குடிக்கிறேன். உங்க ரோஸ்கோ மாமாவுக்கு முட்டி வலி தேவலை. கிழட்டு நாய் இன்னும் தபால்காரனைப் பார்த்துக் குரைக்குது, பல்தான் இல்ல, அதைப் பார்க்கறப்ப எனக்கு யார் ஞாபகம் வருதுன்னு அம்மா தினமும் கேட்கிறா.

ஞானஸ்நானத்துக்கு வர்றப்ப கியர்பாக்ஸ் போயிடுச்சு, பாதி வழியில திரும்பிட்டோம்னு போன்ல சொன்னேனே, அது பொய் கண்ணு. கார் குதிரை மாதிரி ஓடுது. போனது என் புத்தி. உன் வீட்டுக்கு நான் இத்தனை வருஷம் வராம இருந்ததுக்கு என்ன சாக்கு சொன்னேன்னு உனக்குத்தான் தெரியுமே. இங்க மேற்கு வர்ஜீனியாவுல இடுப்புல துப்பாக்கியை மறைச்சு வச்சுக்க லைசென்ஸே வேண்டாம், உங்க வெர்மான்ட்லயும் வேண்டாம், பென்சில்வேனியாக்காரன் வெளியூர் போக நான் தனியா வாங்கி வச்சிருக்கிற லைசென்ஸைப் பார்த்தா போயிட்டு வாங்கன்னுடுவான், ஆனா நடுவுல நியூயார்க் மறிச்சுக்கிட்டு நிக்குது, அவன் நம்ம லைசென்ஸைச் சீந்தவே மாட்டான், மாசசூசெட்ஸ் பக்கமா சுத்தினாலும் அதே கதை. சாப்பாட்டு மேஜை மேல வரைபடத்தை விரிச்சு வச்சு நான் வழி தேடாத நாள் இல்ல. கனடா வழியா போனா என்னன்னு ஒரு நாள் யோசிச்சேன், அதுக்கு அம்மா, அப்படியே வடதுருவத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்கன்னா. நீ போன்ல, அந்த இரும்புதான் உனக்குப் பெருசுன்னா அதையே பேத்தின்னு மடியில போட்டுக் கொஞ்சிக்கோப்பான்னு சொன்ன பாரு, அன்னைக்கு ராத்திரியே வரைபடத்தை மடிச்சு வச்சேன். அப்புறம்தான் துப்பாக்கியில இருந்து குண்டை எடுத்துட்டு, அதை டிக்கியில பெட்டிக்குள்ள பூட்டி எடுத்துட்டு வர்றேன், அப்படின்னா நியூயார்க்காரனும் தடுக்க மாட்டான், உன் வீட்டுல டிக்கியை விட்டு வெளியே வராதுன்னு சொன்னேன். நீயும் அரை மனசா சரின்னே.

நியூயார்க் எல்லைக்கு முன்னால, பென்சில்வேனியாவுல கடைசி ஊர்ல ஒரு சாப்பாட்டுக் கடை. அங்க சாப்பிடற சாக்குல, பாத்ரூம்ல யார் கண்ணுலயும் படாம குண்டை எடுத்துட்டுப் பெட்டியில வைக்கிறதா திட்டம். உள்ளே போனேன், துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து ஃப்ளஷ் டேங்க் மூடி மேல வச்சேன், முதல்ல வந்த வேலையை முடிப்போம்னு உட்கார்ந்தேன். அம்மா வந்து கதவைத் தட்டி, பலகாரம் ஆறுது, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களான்னா. அவசரமா கையைக் கழுவிட்டு வந்துட்டேன். தீயணைப்பு நிலையத்து ஹால்ல சனிக்கிழமைதோறும் நான் வகுப்பு எடுக்கிறேனே, அதுல வாய் கிழியச் சொல்ற முதல் பாடமே இதுதான், கக்கூஸ்ல துப்பாக்கியைக் கழட்டி எங்கேயும் வைக்காதே, வச்சா மறந்துடுவேன்னு.

சாப்பிட்டு முடிச்சு வெளியே வந்து, டிக்கியில இருந்த பெட்டியைப் பூட்டினேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், அம்மாவையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே வச்சாச்சுன்னு மனசு சத்தியம் பண்ணுச்சு. நியூயார்க்குக்குள்ள நுழைஞ்சதும் வழியெல்லாம் அம்மாகிட்ட ஒரே பீத்தல், சட்டத்தை இப்படி மதிக்கிற ஆள் இந்த மாநிலத்துலயே இருக்க மாட்டான்னு. அதுவும் உண்மைதான், எங்கிட்ட துப்பாக்கியே இல்லையே! பெட்ரோல் போட நிறுத்தினப்ப ஒரு தடவை சரிபார்ப்போம்னு பெட்டியைத் தூக்கினேன், பஞ்சு மாதிரி வந்துச்சு. வண்டியை அந்தக் கடைக்கே திருப்பினேன்.

திரும்பிப் போனா, கடைக்காரி பெர்னீஸ் பாத்ரூம் கதவுக்குக் குறுக்கே வாணலியோட நிக்கிறா, ஒரு போலீஸ்காரன் என் துப்பாக்கியை எடுத்துக் குண்டை இறக்கிக்கிட்டிருக்கான். என் தொப்பியில துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியாளர்னு தங்க நூல்ல போட்டிருக்கே, அவன் தொப்பியைப் படிச்சான், என் மூஞ்சியைப் பார்த்தான், மறுபடியும் தொப்பியைப் படிச்சான். அதுவரைக்கும் சிரிக்கிற கதைதான். பெர்னீஸ் சிரிக்கல. என் பொண்ணோட குழந்தைதான்யா முதல்ல உள்ள போனா, அஞ்சு வயசு, தொடாம வந்து என்னைக் கூப்பிட்டா, தொட்டிருந்தா நீ எந்த மூஞ்சியோட வந்திருப்பேன்னு கேட்டா. அந்தக் குழந்தை மேஜையில உட்கார்ந்து கலர் பென்சிலால மாடு வரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் அங்கேயே நாற்காலியில உட்கார்ந்துட்டேன். போலீஸ்காரன் நல்லாத் திட்டிட்டு, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துட்டான். பெர்னீஸ் எனக்குத் தண்ணி கொண்டு வந்து வச்சா, அதைத்தான் என்னால தாங்க முடியல. துப்பாக்கியை அங்க மறந்து வச்ச கையோட வந்து ஹாட்டியைத் தூக்க எனக்குத் தைரியம் இல்ல மார்லிஸ், அதனாலதான் வண்டியை ஊருக்கே திருப்பிட்டேன். ஞானஸ்நானத்துக்கு அம்மாவையும் வர விடாம பண்ணினது நான்தான், அவளைக் கோவிச்சுக்காதே.

சனிக்கிழமை வகுப்புல நடந்ததைச் சொன்னேன். ஒருத்தன்கூடச் சிரிக்கல, பாதிப் பேர் குனிஞ்சு தரையைப் பார்த்தாங்க. துப்பாக்கியை ரோஸ்கோ மாமா இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, சாவி எங்கேன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டார். வீதியில நடந்தா இடுப்புப் பக்கம் காத்து அடிக்குது, ஒரு பக்கம் சாய்ஞ்சு நடக்கிறேன்னு அம்மா கேலி பண்றா. உண்மையைச் சொல்லட்டுமா, பயமா இருக்கு. அது இல்லாம நான் யாருன்னே தெரியல, தொந்தியும் தொப்பியும் உள்ள ஒரு கிழவன், அவ்வளவுதான். பிள்ளைங்களைக் காப்பாத்தத்தான் வச்சிருக்கேன்னு உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அன்னைக்கு அந்தப் பிள்ளையை என்கிட்டேருந்து காப்பாத்த ஒருத்தி வாணலியைத் தூக்க வேண்டியதாப் போச்சு.

வர்ற வியாழக்கிழமை கிளம்பறோம், நியூயார்க் வழியா நேர் ரோட்டுலயே. மாப்பிள்ளைகிட்ட சொல்லி வாசல் பனியைத் தள்ளி வைக்கச் சொல்லு, அம்மா வழுக்கி விழுந்துடப் போறா. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. உங்க மூணு பேருக்கும் எங்க ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. இதைப் படிச்சுட்டு, அப்பா வேண்டாம்னு தோணினா கூச்சப்படாம சொல்லு, அம்மா மட்டும் உள்ள வரட்டும், நான் வெளியே கார்லயே உட்கார்ந்திருக்கேன். ஹாட்டியை ஒரு தடவை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினா போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெர்லன் ஸ்ட்ரௌட்