கஞ்சி போட்ட பாலீஷ் திண்டு

1936 பிப்ரவரி 1, சனி

காலையில் ஆறு திண்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தேன். முதலாளியின் காரைத் தேய்க்கிற, ஆட்டு ரோமத்தில் செய்த பாலீஷ் திண்டுகள், உள்ளங்கை அகலம், மெட்ராசிலிருந்து வந்தவை. வந்தபோது பஞ்சு மாதிரி இருந்தன. இப்போது பழைய மெழுகு ஏறி ரோமமெல்லாம் சடைபிடித்துக் கிடக்கிறது. அடுத்த வருஷம்தான் புதுசு என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் வீட்டிலேயே துவைக்கிறேன். மண்ணெண்ணெயில் மெழுகைக் கரைத்து, வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைக்க வேண்டும். பாவாத்தாளைத் தொட விடுவதில்லை. என்னைக் கட்டிக்கொண்டு குடித்தனம் வந்து பத்து மாதம் ஆகிறது, ஒரு நாளும் விட்டதில்லை. அவளுக்கு அதில் மனத்தாங்கல்தான். இருக்கட்டும், வண்டி பாலீஷ் என்றால் என்னவென்று அவளுக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 3, திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் முதலாளி மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டில் புதுக் கார் வாங்கியிருக்கிறார்களாம். நம் வண்டியில் முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் முதலாளி. கூடவே, பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு நான் ஊருக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். அவர் அக்கா மகன் ரங்கராஜ் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டு சும்மாதான் இருக்கிறான். எனக்குத் தெரியாதா?

திண்டுகளை ஊறப்போட்ட கையோடு பொள்ளாச்சிக்குப் புறப்படச் சொல்லி ஆள் வந்துவிட்டது. திரும்ப நாளை சாயங்காலம் ஆகும். வாளியைக் காட்டி, அலசி மட்டும் வை என்று பாவாத்தாளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பிப்ரவரி 5, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

விடிகாலையில் ஷெட்டுக்குப் போய், அவள் காயவைத்துப் போட்டிருந்த பையிலிருந்து திண்டை எடுத்தேன். விறைப்பாக இருந்தது. மெழுகு சரியாக விடவில்லை, தேய்க்கத் தேய்க்க இளகிவிடும் என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். வெளிச்சம் வந்தபிறகு பார்க்கிறேன் — பானெட் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கோடு. வாசல் கூட்டிய மாதிரி.

திண்டை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக உதிர்ந்தது. கஞ்சி!

வீட்டுக்கு ஓடிவந்து கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை.

“பங்களாவுக்குப் போறது எதுவானாலும் கஞ்சி போட்டுத்தான் போகோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க,” என்றாள்.

சொன்னேன்தான். டிரைவர் உடுப்பான என் வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொன்னது. அதைக் கழற்றி வைத்தால் தானாக நிற்க வேண்டும் எனக்கு. நான் வந்து மெச்சட்டும் என்று நொய்யரிசிக் கஞ்சியைத் திண்டிலும் கெட்டியாகத் தோய்த்திருக்கிறாள்.

சாப்பிடவில்லை. வண்டியைப் போர்த்தி மூடிவைத்திருக்கிறேன். முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அவள் வைத்த சோற்றை இன்றும் தொடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

தைப்பூசம். தெருவே மருதமலைக்குப் போய்விட்டது. பாவாத்தாள் போகவில்லை. திண்டுகளைச் சுடுதண்ணீரில் போட்டுக் கஞ்சி விடுகிறவரை ஏழு தண்ணீர் மாற்றினாள். அப்புறம் பூந்திக்கொட்டை. மத்தியானம் நிழலில் உட்கார்ந்து, தலை வாரும் சீப்பை எடுத்து ஒவ்வொரு திண்டாகச் சிக்கெடுத்தாள். சீப்பால் வாரலாம் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மெட்ராசிலிருந்து வந்த அன்றுகூட இவ்வளவு மெத்தென்று இல்லை. அவளிடம் சொல்ல வாய் வரை வந்தது. கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டேன். என்ன வீம்போ!

பிப்ரவரி 8, சனி

காலை ஐந்திலிருந்து பொழுது சாய்கிறவரை தேய்த்தேன். முதலில் பாலீஷ் பசை, பிறகு மெழுகு. கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. வண்டியின் மூக்குப் பக்கம் ஒரு சாண் இடத்தில் மட்டும், சாய்ந்து பார்த்தால் லேசாகத் தெரிகிறது. யார் சாய்ந்து பார்க்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

முதலாளி சாய்ந்து பார்த்தார்.

ஈரோட்டில் சம்பந்தி வீட்டு வாசலில் எல்லாரும் வண்டியை மெச்சினார்கள். சம்பந்தி பானெட்டில் குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். முதலாளிக்குச் சந்தோஷம், அவரும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. என்னைத் தனியாக அழைத்தார்.

ரோட்டுப் புழுதி என்று சொல்லியிருக்கலாம். பழியை அவள்மேல் போட்டிருக்கலாம், அதுவும் நாக்கு நுனி வரை வந்தது.

“திண்டுல கஞ்சி இருந்துச்சுங்க. பாக்காம நாந்தான் தேச்சுப்போட்டேன். தப்பு என்னுதுங்க,” என்று சாவியை நீட்டினேன்.

கஞ்சி எப்படி வந்தது என்று கேட்டார். கோட்டுக் கதையையும், ஏழு தண்ணீரையும், சீப்பையும் சொன்னேன். கேட்டுவிட்டு நான் உடுத்தியிருந்த கோட்டை ஒரு தட்டு தட்டினார். தகரம் மாதிரி சத்தம் வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சாவிய வெச்சுக்க. இனிமே திண்ட அந்தப் புள்ளையே தொவைக்கட்டும். நீ தொடாத,” என்றார்.

வீட்டுக்கு வந்து பாவாத்தாளிடம் தப்பு என்னுது என்றேன்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்,” என்று சோறு போட்டாள். இரண்டு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பக்கத்துப் பங்களா டிரைவர் அப்துல் வஹீது நம் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் திண்டுகளையும் பாவாத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாங்கி வாளியில் போட்டுவிட்டாள்.

மார்ச் 14, சனி

கொடியில் இருபது திண்டுகள். ஆர்.எஸ்.புரத்து டிரைவர்கள் பாதிப் பேருடையது இங்கேதான் இருக்கும். என்னுடையதைத் தேடினேன். வாளிக்கே போகாமல் மூலையில் இருந்தது.

“உங்களுது நாளைக்குத்தானுங்க ஆகும். வஹீது அண்ணனுது மொத வந்துச்சு,” என்றாள், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரிங்க என்று சொல்லிவிட்டு, வெறும் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன்.